பழைய ஆப்டகானை மீண்டும் இயங்க வைக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆப்டகான் என்பது, சிறு கேமரா பார்க்கும் அச்செழுத்தை விரலடியில் அதிர்வாக மாற்றி, பார்வையற்றோரைப் படிக்க வைக்கும் கருவி. 1996-இல் இதன் உற்பத்தி நின்றுவிட்டது என்பதால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பேட்டரியைத்தான். நிக்கல்-காட்மியம் செல்கள் கசிந்திருந்தால் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும். அதைத் துடைத்தெடுத்துவிட்டு, அதே வகைச் செல்களை அதே எண்ணிக்கையில் போடுங்கள். லித்தியம் வேண்டாம், சார்ஜர் அதற்கானது அல்ல.

அடுத்தது, விரல் வைக்கும் தட்டு. 24 வரிசை, 6 நெடுக்கு, மொத்தம் 144 ஊசிகள். ஒவ்வொன்றையும் அதிரவைப்பது மெல்லிய பீசோ பட்டை, அதாவது மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பட்டை. ஊசி அசையவில்லையே என்று அழுத்தினால் பட்டை விரிசல் விட்டுவிடும், மாற்றுப் பட்டை கிடைப்பது அரிது. தயவுசெய்து அழுத்தாதீர்கள். விரலின் எண்ணெயும் தூசும் சேர்ந்துதான் பல ஊசிகள் ஒட்டிக்கொள்கின்றன. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்தூரிகையால் வருடி, நன்றாகக் காய்ந்தபின் இயக்குங்கள்.

பிறகு வெள்ளைத் தாளில் ஒரு தடித்த கறுப்புக் கோட்டின்மேல் கேமராவை நகர்த்துங்கள். விரலடியில் கோடு ஊர்ந்து போக வேண்டும். கேபிளை லேசாக வளைக்கும்போது அதிர்வு விட்டுவிட்டு வந்தால், உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. எல்லா ஊசிகளும் ஓயாமல் அதிர்ந்தால், எது கறுப்பு எது வெள்ளை என்று பிரிக்கும் அளவை மாற்றும் வரம்புக் குமிழைத் திருப்பிப் பாருங்கள், கேமராவின் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள்.