'கடலை போடாதீங்க' என்றால் போதுமா?

கேள்வி: என் எட்டு வயது மகளுக்கு நிலக்கடலை ஆகாது. போன வருடம் ஒரு வாய் சட்னியிலேயே உதடு வீங்கி மூச்சு இழுத்தது. மே மாதம் கொடைக்கானல் போகிறோம். "தெரிஞ்ச ஹோட்டல்தான், சொன்னா கடலை இல்லாம செஞ்சு தருவாங்க" என்கிறார் வேன் டிரைவர். நம்பலாமா?
(திண்டுக்கல் வாசகி)

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் எங்கே சாப்பிடுவது என்பதை டிரைவரிடம் விடாதீர்கள். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவருக்குக் கமிஷன் தரும் ஹோட்டல்கள் உண்டு. "சொல்லிட்டேன் மேடம்" என்பார். சொன்னது கல்லாவோடு நின்றிருக்கும், அடுப்படிக்குப் போயிருக்காது. ஹோம்மேட் சாக்லேட் கடைக்கு அழைத்துப் போகிறவர்களும் அப்படித்தான். பருப்பு போடாததையும் அதே கத்தியால்தான் வெட்டுவார்கள். வேண்டாம்.

மாஸ்டரிடம் நீங்களே பேசுங்கள். வெறுமனே "கடலை" என்றால் அவர் பொட்டுக்கடலையை நிறுத்திவிட்டு, சட்னி கெட்டிப்பட நிலக்கடலையை அரைத்துவிடலாம். "நிலக்கடலை, வேர்க்கடலை" என்று இரண்டு பெயரையும் சொல்லுங்கள். பொட்டுக்கடலை வேறு பயறு. வீட்டில் உங்கள் மகள் அதைத் தொந்தரவில்லாமல் சாப்பிட்டு வந்தால் விலக்க வேண்டாம். ஆனால் அது வீட்டுச் சட்னிக்கு மட்டும். ஹோட்டல் மிக்ஸியில் முன்பு எதை அரைத்தார்கள் என்று யார் சொல்வது? ஆகவே வெளியே சட்னி, பொடி, குருமா மூன்றும் வேண்டாம். மரச்செக்குக் கடலெண்ணெயில் ஒவ்வாமையைக் கிளப்பும் கடலைப் புரதம் தங்கியிருக்கும், அதுவும் கூடாது. இட்லிக்கு வீட்டுப் பொடி கொண்டு போங்கள். ஏரிக்கரையில் உங்களில் யாராவது கடலை கொறித்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சானிடைசர் போதாது.

ஒவ்வாமைப் பொருளை அறிவிக்க வேண்டும் என்று 2020 விதி இருக்கிறது. ஆனால் மத்திய உரிமம் பெற்ற அல்லது 10 கிளைகளுக்குக் குறையாத உணவகங்களுக்குத்தான். மலையில் உங்கள் குழந்தை சாப்பிடப்போகும் மெஸ்ஸுக்கு அது கிடையாது. யாருக்காகப் போட்ட விதியோ!

கடும் ஒவ்வாமையில் உயிர் காக்கும் மருந்து அட்ரினலின். அதைப் பேனா போல அழுத்திப் போடும் ஊசியும் நம் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆம்ப்யூலும் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் மருத்துவரிடம் எழுதி வாங்கி, போடவும் பழகிக்கொள்ளுங்கள். 20 கிலோ குழந்தைக்கு 0.2 மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். மூச்சு இழுத்தாலோ, குழந்தை துவண்டாலோ உடனே போடுங்கள். செட்ரிசின் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், அது அரிப்புக்குத்தான். போட்டதும் 108. குழந்தை தெளிந்துவிட்டாலும் சில மணி நேரத்தில் ஒவ்வாமை மறுபடி வரலாம். வத்தலக்குண்டுக்கு இறங்கிவிடலாம் என்று மலைப்பாதை நெரிசலில் மாட்டிக்கொள்ளாமல், கொடைக்கானல் அரசு மருத்துவமனையிலேயே சேருங்கள்.