பழைய போட்டோ, அரசு ஆவணம்: இவற்றை வைத்து ஒரு பகுதியின் வரலாற்றை எப்படிக் காப்பாற்றுவது?

1900களின் தொடக்கத்துப் போட்டோக்களும் அரசுப் பதிவேடுகளும் கிடைத்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாரும் உடனே ஸ்கேன் பண்ணுங்கள் என்பார்கள். பண்ணலாம், 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), தரம் குறையாமல் படத்தைச் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக. ஆனால் படத்தின் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு ஆல்பத்தைத் தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும், ஏனென்றால் பாதி வரலாறு பின்பக்கத்தில்தான் இருக்கிறது: ஸ்டூடியோ முத்திரை, பென்சில் கிறுக்கல், தபால் முத்திரை. தபால் அட்டைப் படம் என்றால், பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டு ஒரு பாதி செய்திக்கு, மறுபாதி முகவரிக்கு என்று பிரிக்க பிரிட்டனில் 1902இல்தான் அனுமதித்தார்கள், அமெரிக்காவில் 1907இல். அந்தக் கோடு ஒன்றே காலத்தைக் குறுக்கிக் காட்டிவிடும்.

அப்புறம் ஆவணம். படம் முகத்தைக் காட்டும், பெயரைச் சொல்லாது. நில அளவை வரைபடம், மக்கள்தொகைக் கணக்கு, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவற்றோடு ஒப்பிட்டால்தான் அந்தக் கட்டடம் எது, எப்போது இடிந்தது என்று பிடிபடும். ஆனால் அரசு தனக்கு வேண்டியதை மட்டுமே எழுதி வைத்தது, வரி கட்டாதவர் பல பதிவேடுகளில் இருக்கவே மாட்டார்.

கண்ணாடி நெகட்டிவ்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், அடியில் இருப்பது விரிசல் விடும், நிமிர்த்தி வையுங்கள். நைட்ரேட் பிலிம், அதாவது அந்தக் காலத்து செல்லுலாய்டு பிலிம், சட்டென்று தீப்பிடிக்கும், அதைத் தனியாகப் பிரித்து ஆவணக் காப்பகத்தாரிடம் காட்டிவிடுங்கள். கிழிந்ததை ஒட்ட செல்லோ டேப் பக்கமே போகாதீர்கள்.