அம்மாவின் நாரி நோ

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கு 61 வயது. நான்கு வருடத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் நாரி நோ இன்றுவரை விடவில்லை. எம்.ஆர்.ஐ எடுத்ததில் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறதாம், ஒப்பரேசன் தேவையில்லையாம். குளிசை, ஊசி, பெல்ட், பரியாரியாரின் எண்ணெய் ஒன்றும் சரிவரவில்லை. அம்மாவைக் குனிய விடாமல் வீட்டு வேலை முழுக்க நானே செய்கிறேன். போனமுறை கிளினிக்கில் டொக்டர், மனநல வைத்தியரையும் ஒருக்கால் பாருங்கள் என்று துண்டு எழுதித் தந்தார். வரும் வழியெல்லாம் அம்மா அழுதார். "அப்ப நான் நடிக்கிறன் எண்டு சொல்லுறாரோ? எனக்கென்ன விசரோ?" என்று கேட்கிறார். நோ மனதிலிருந்து வருமா? அப்படியென்றால் அது பொய்யா?

ஒரு வாசகி, சுன்னாகம்

அன்புள்ள தங்கச்சி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பொய் இல்லை. அம்மா நோகிறது என்று சொன்னால் நோகிறது, அதை நிரூபிக்க அவர் யாருக்கும் படம் காட்டத் தேவையில்லை. டொக்டர் துண்டு எழுதியது சரிதான், ஆனால் ஏன் எழுதுகிறேன் என்று இரண்டு நிமிடம் இருத்திச் சொல்லியிருக்க வேண்டும். அப்பா செத்த அடுத்த வருடம் எனக்குக் கழுத்து நோ வந்து எட்டு மாதம் நின்றது. ஒரு வைத்தியர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "ஒண்டுமில்லை, யோசியாதேங்கோ" என்று அனுப்பிவிட்டார். அந்த "ஒண்டுமில்லை" எனக்குக் கழுத்தைவிட அதிகம் நொந்தது. அதனால் அம்மாவின் அழுகை எனக்கு விளங்குகிறது.

நாங்கள் கால் நோகுது என்கிறோம், மனம் நோகக் கதைக்காதே என்றும் சொல்கிறோம், இரண்டுக்கும் ஒரே சொல்தான். உடம்புக்குள்ளும் இந்த இரண்டுக்கும் நடுவில் மதில் இல்லை. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பட்ரிக் வோல் என்ற இருவர் ஒரு விளக்கம் சொன்னார்கள்: முண்ணாணில், அதாவது முதுகெலும்புக்குள்ளால் போகும் நரம்புத் தண்டில், ஒரு படலை மாதிரி ஒன்று இருக்கிறது, காயத்திலிருந்து வரும் செய்தி அதைத் தாண்டித்தான் மூளைக்குப் போகிறது, அந்தப் படலையை எவ்வளவு திறப்பது என்பதில் மூளைக்கும் பங்கு இருக்கிறது. விவரங்களைப் பிறகு வந்தவர்கள் திருத்தினார்கள், ஆனால் மூலக்கருத்து நின்றுவிட்டது. பயம், துக்கம், நித்திரையின்மை எல்லாம் அந்தப் படலையை அகலத் திறந்து விடுகின்றன. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவை நாட்பட்ட நோ என்கிறார்கள். அந்தக் கட்டத்தில் விழுந்த இடம் ஆறியிருந்தாலும் நரம்புகள் கூச்சம் பிடித்துப்போய், சின்னச் செய்தியையும் பெரிதாக்கி அனுப்பப் பழகியிருக்கலாம்.

அந்த எம்.ஆர்.ஐ பற்றியும் அம்மாவிடம் சொல்லுங்கள். 1994இல் அமெரிக்காவில் முதுகு நோவே இல்லாத 98 பேரைப் படம் பிடித்துப் பார்த்தபோது 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது. "டிஸ்க் விலகிட்டுது, குனிஞ்சால் நடக்கேலாமல் போயிடும்" என்று யாரோ அவருக்குச் சொல்லியிருப்பார்கள், எங்கள் ஊரில் அதைச் சொல்ல ஆள் தேடத் தேவையில்லை. அந்தப் பயம்தான் பெரிய ஆள். குனிந்தால் கூடிவிடும் என்று குனியாமல் விட, தசை விறைத்துப் பலம் குறைகிறது, பிறகு ஒருநாள் தவறிக் குனிந்தால் உண்மையிலேயே நோகிறது, பார்த்தியா நான் நினைத்தது சரி என்று பயம் இன்னும் இறுகுகிறது. விளாயன், லின்டன் என்ற ஆய்வாளர்கள் 2000இல் இந்தச் சுற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள்.

இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது தங்கச்சி, ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் அன்பில் செய்வதும் அந்தச் சுற்றுக்குள் இருக்கிறது. தும்புத்தடியைக் கையிலிருந்து பறிக்கும் ஒவ்வொரு முறையும் "உங்கட நாரி உடைஞ்சது" என்று அம்மாவுக்குச் சொன்ன மாதிரி ஆகிறது.

போரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அம்மாவின் வயதைக் கணக்குப் பார்த்தால் அவர் எதையெல்லாம் கடந்து வந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். போர்க்காலத்தில் இங்கே யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியராக இருந்த தயா சோமசுந்தரம், எங்கள் சனம் மனத்துயரத்தை உடம்பு வருத்தமாகவே கொண்டுவருவதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்காக இது போரால் வந்தது என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். நித்திரை வருகிறதா, இரவில் எதை யோசிக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள், சொன்னால் குறுக்கே கதைக்காமல் கேட்டிருங்கள். என் கழுத்துக்குப் பயிற்சி தந்த பிசியோதெரபி பிள்ளை முதல்நாள் என்னிடம் கேட்டதே நித்திரையைப் பற்றித்தான். அப்பாவைப் பற்றி முழுதாக நான் கதைத்தது அன்றைக்குத்தான்.

மனநல வைத்தியரிடம் போவதை அம்மாவுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: உங்களைச் சோதிக்க இல்லை, அந்தப் படலையைக் கொஞ்சம் சாத்தப் பழகத்தான். மனச்சோர்வுக்கான சில மருந்துகளை நரம்பு நோவுக்கும் குறைந்த அளவில் கொடுப்பார்கள், துண்டில் அந்தப் பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். கால் பலம் குறைந்தால், பிட்டமோ கவட்டுப் பக்கமோ மரத்தால், சலம் மலம் அடக்க முடியாமல் போனால், காய்ச்சலோ காரணமில்லாத மெலிவோ வந்தால் அது வேறு கதை, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றப்படி நடைதான். நோ வரும்வரை நடக்க விடாதீர்கள், மணிக்கூட்டைப் பார்த்து நடக்கட்டும். முதல் கிழமை ஐந்து நிமிடம் என்றால் நல்ல நாளிலும் ஐந்து, கூடாத நாளிலும் ஐந்து. நல்ல நாளில் முற்றம் முழுக்கக் கூட்டிவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பதுதான் நாங்கள் எல்லோரும் விடும் பிழை. அடுத்த கிழமை நடையை ஒரு நிமிடம் அதிகமாக்கலாம். கறிவேப்பிலை ஆய்வது, விளக்கு வைப்பது என்று ஒரு வேலையை அவரிடம் திருப்பிக் கொடுங்கள், பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள். கிணற்றடிக்கு இப்போதைக்குக் கூப்பிட வேண்டாம், அவராகக் கேட்கும் அன்று வாளியை நீங்கள் தூக்கிக்கொண்டு கூடப் போங்கள்.

அன்புடன்,
அக்கா