மின்சார ஸ்கேட்போர்டைப் பொதுச் சாலையில் ஓட்டலாமா?

கேள்வி இது: "மின்சார ஸ்கேட்போர்டு ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். அதைப் பொதுச் சாலையில் ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறதா? நாட்டுக்கு நாடு விதி மாறுமா?"

மாறும். ஒரே நாட்டுக்குள் மாநிலத்துக்கு மாநிலமும் மாறும். ஆனாலும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் பதில் "கூடாது" என்பதுதான். கடையில் கேள்வி கேட்காமல் விற்பார்கள், உத்தரவாத அட்டையும் தருவார்கள். வெளியே வந்து சாலையில் இறக்கினால் குற்றம். விற்பவனுக்கு லாபம், ஓட்டுபவனுக்கு அபராதம் என்ற இந்த ஏற்பாடு எந்த ஊரில் இருந்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை.

நான் வழக்கறிஞன் இல்லை. மின்சார ஸ்கேட்போர்டு (சுருக்கமாகப் பலகை) ஓட்டுகிறவன், ஒரு நாட்டுக்குப் போவதென்றால் அந்த நாட்டு விதியைத் தேடிப் படித்துவிடுகிற பழக்கம் உள்ளவன். கீழே சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். விதிகளும் அடிக்கடி திருத்தப்படுகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். "மின்சார ஸ்கேட்போர்டுக்குத் தடை" என்று பெயர் சொல்லி எழுதிய சட்டம் மிகக் குறைவு. நடப்பது வேறு. மோட்டார் பொருத்தி, மனிதனை ஏற்றிக்கொண்டு சாலையில் ஓடும் எதுவும் மோட்டார் வாகனம் என்பது பல நாடுகளின் அடிப்படை விதி. மோட்டார் வாகனம் என்றால் பதிவு வேண்டும், எண் பலகை வேண்டும், காப்பீடு வேண்டும், உரிமம் வேண்டும், விளக்கும் பிரேக்கும் தரச் சான்றும் வேண்டும். நான்கு சிறு சக்கரங்கள் மேல் கிடக்கும் ஒரு மரப்பலகைக்கு இவற்றில் எதுவும் கிடைக்காது. ஆக யாரும் தடை செய்யாமலேயே அது தடைக்குள் விழுந்துவிடுகிறது.

இதற்குச் சரியான உதாரணம் பிரிட்டன். 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி உங்கள் பலகை மோட்டார் வாகனம். ஆகவே சாலையில் ஓட்டக் கூடாது. சரி, நடைபாதையில் ஓட்டலாமே என்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. நடைபாதையில் குதிரை, கழுதை, ஆடு, பன்றி ஆகியவற்றை ஓட்டிச் செல்லாதே, எந்த வகை வண்டியையும் செலுத்தாதே என்று சொல்லும் சட்டம் அது. விக்டோரியா அரியணை ஏறுவதற்கு முன்பே எழுதியது. இன்றைய லித்தியம் பேட்டரியையும் அதுதான் பிடிக்கிறது. மிஞ்சுவது தனியார் நிலம் மட்டுமே, அதுவும் உரிமையாளரின் அனுமதியோடு. 2020 முதல் நடக்கும் வாடகை இ-ஸ்கூட்டர் (கைப்பிடியைப் பிடித்து நின்றபடி ஓட்டும் சிறு மின்வண்டி) சோதனைத் திட்டத்தை நம்பி ஏமாற வேண்டாம், பலகைகளுக்கு அதில் இடமில்லை.

பிரிட்டனில் மாட்டிக்கொண்டால் பலகை பறிமுதல் ஆவதோடு விஷயம் முடிவதில்லை. காப்பீடு இல்லாமல் வாகனம் ஓட்டியதற்கு 300 பவுண்டு அபராதமும் ஓட்டுநர் உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளிகளும் விழலாம். உரிமம் பெற்று இரண்டு வருடம் ஆகாதவர் என்றால் அந்த 6 புள்ளிகளே உரிமத்தை ரத்தாக்கப் போதும். பலகையில் போனதற்குக் கார் ஓட்டும் உரிமை போய்விடும். இதைத்தான் பலரும் அறியாமல் இருக்கிறார்கள்.

ஜெர்மனி வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 2019 ஜூன் 15 முதல் அங்கே சிறு மின்வாகனங்களுக்கென்றே தனி ஒழுங்குமுறை உண்டு. வேகம் மணிக்கு 6 முதல் 20 கிலோமீட்டர் வரை இருக்கலாம், காப்பீட்டு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், உரிமம் தேவையில்லை. பார்த்ததும் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அதிலேயே இரண்டு நிபந்தனைகள் உள்ளன: நின்று ஓட்டும் வண்டிக்குக் குறைந்தது 70 சென்டிமீட்டர் உயரத்தில் கைப்பிடித் தண்டு இருக்க வேண்டும், ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக்குகள் இருக்க வேண்டும். இ-ஸ்கூட்டர் தேறியது, பலகை தேறவில்லை. தேறாத வண்டியைக் காப்பீடின்றிச் சாலையில் ஓட்டுவது அங்கே வெறும் அபராதத்தோடு போகாது, குற்றவியல் வழக்காகலாம்.

பலகைக்காரர்கள் பலர் இந்தக் கைப்பிடி நிபந்தனையைக் கேலி செய்கிறார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பலகையில் பிரேக் என்பது கையில் இருக்கும் ரிமோட்டின் சிறு சக்கரம். கட்டைவிரலால் அதைப் பின்னுக்கு உருட்டினால் கம்பியில்லா இணைப்பு வழியே செய்தி போய், மோட்டாரே எதிர்விசை கொடுத்து வண்டியை நிறுத்துகிறது. அந்த நொடியில் முழங்காலை மடக்கி, எடையைப் பின்காலுக்கு மாற்றாவிட்டால் பலகை நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இன்னொன்றும் உண்டு. மோட்டார் பிரேக் பிடிக்கும்போது உண்டாகும் மின்சாரம் பேட்டரிக்குத்தான் திரும்புகிறது. பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருந்தால் அதை வாங்கிக்கொள்ள இடமில்லை. சில பலகைகளில் பிரேக் தளரும், சிலவற்றில் அறுந்தே போகும். வீட்டிலிருந்து கிளம்பியதும் சரிவில் இறங்க வேண்டியிருப்பவர்கள் முழுச் சார்ஜ் ஏற்றாமல் புறப்படுவது இதனால்தான். இரண்டாவது பிரேக் கேட்கும் ஜெர்மன் அதிகாரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைப்பிடி விஷயத்தில் மட்டும் சண்டை போடுவேன்.

கைப்பிடி இல்லாததால் வெளியே நிற்க வேண்டியிருப்பது வேறு இடங்களிலும் உண்டு. சுவிட்சர்லாந்தில் கைப்பிடியுள்ள மெதுவான மின்வண்டிகளுக்கு அனுமதி இருக்கிறது, மின்சார ஸ்கேட்போர்டுக்கு இல்லை. அயர்லாந்து 2024 மே 20 முதல் இ-ஸ்கூட்டரை அனுமதித்தது, பலகையை விட்டுவிட்டது. நியூயார்க் மாநிலம் 2020இல் இ-ஸ்கூட்டரைச் சட்டபூர்வமாக்கியபோது கைப்பிடியை வரையறையிலேயே எழுதிவிட்டது.

அனுமதிக்கும் நாடுகளுக்கு வருவோம். பிரான்ஸ் 2019 அக்டோபரில் கொண்டுவந்த விதியில் கைப்பிடி பற்றிய பேச்சே இல்லை. இருக்கை இல்லாத, ஒருவர் மட்டும் செல்லக்கூடிய, மணிக்கு 6க்கு மேல் 25 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்துக்கெனத் தயாரிக்கப்பட்ட மின்வண்டி என்பதுதான் வரையறை. விளக்கு, பிரேக், மணி, பிரதிபலிப்பான் வேண்டும், காப்பீடு கட்டாயம். 2023 செப்டம்பர் முதல் குறைந்தபட்ச வயது 14. சைக்கிள் பாதை இருந்தால் அதில்தான் போக வேண்டும். நகருக்குள் பாதை இல்லாத இடத்தில், 50 கிலோமீட்டர் வேக வரம்புள்ள சாலை வரை அனுமதி உண்டு. நடைபாதையில் ஏறினால் 135 யூரோ.

ஆனால் "தயாரிக்கப்பட்ட" என்ற இடத்தில்தான் ஆள் மாட்டுவார். சந்தையில் இருக்கும் பலகைகளில் நிறைய மணிக்கு 40 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தொடும். ரிமோட்டில் தொடக்கநிலை வேகத்தை வைத்துக்கொண்டு "நான் 20இல்தானே போனேன்" என்று சொல்லிப் பயனில்லை. வண்டியால் எவ்வளவு வேகம் போக முடியும் என்பதே கேள்வி. 25ஐத் தாண்டக்கூடிய வண்டி என்றால் அபராதம் 1,500 யூரோ வரை போகும்.

பெல்ஜியமும் இந்த வழிதான்: 25 கிலோமீட்டர் உச்சவேகம், 2022 ஜூலை முதல் வயது 16, நடைபாதை கூடாது, மற்றபடி சைக்கிள்காரருக்கான விதிகள். பக்கத்திலுள்ள நெதர்லாந்து நேர் எதிர். 2018 செப்டம்பரில் ஓஸ் நகரில் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற மின்வண்டி ஒன்று ரயில்வே கடவையில் ரயிலில் மோதி நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு இத்தகைய வாகனங்களுக்கு ஒப்புதல் தரும் முறை கடுமையாக இறுகியது. ஒப்புதல் பெறாத வண்டிக்குச் சாலையில் இடமில்லை, மின்சார ஸ்கேட்போர்டுக்கு ஒப்புதல் கிடைப்பதில்லை.

இவ்விரு நாடுகளும் சந்திக்கும் இடத்தில் பார்லே என்றொரு ஊர் இருக்கிறது. பெல்ஜியத்துக்குச் சொந்தமான பகுதி அங்கே இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக நெதர்லாந்துக்குள் சிதறிக் கிடக்கிறது. நடைபாதைக் கற்களில் வெள்ளைச் சிலுவைக் குறிகளைப் பதித்து எல்லையைக் காட்டியிருக்கிறார்கள். சில வீடுகளுக்குள்ளேயே எல்லைக்கோடு போகிறது. அங்கே ஒரு தெருவில் பலகையில் போனால் சட்டத்துக்கு உட்பட்டவர், சட்டத்தை மீறியவர், மறுபடி உட்பட்டவர் என்று சில நிமிடங்களில் மாறி மாறி ஆகிவிடலாம்.

எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது நார்வேயின் முறை. சிறு மின்வாகனம் என்று ஒரே வகை. உச்சவேகம் 20 கிலோமீட்டர், எடைக்கும் அளவுக்கும் வரம்பு, 12 வயது, 15க்குக் கீழ் ஹெல்மெட், 2023 முதல் கட்டாயக் காப்பீடு. குடித்துவிட்டு ஓட்டினால் காருக்கு உள்ள அதே வரம்பு. கைப்பிடி இருக்கிறதா என்று கேட்பதில்லை. மோதினால் எவ்வளவு அடிபடும் என்பதை முடிவு செய்வது வேகமும் எடையும்தானே.

அமெரிக்காவில் தெளிவான சட்டம் கலிபோர்னியாவினுடையது. முன்பு பெட்ரோல் மோட்டார் வைத்த பலகைகள் போட்ட சத்தமும் புகையும் தாங்காமல் மோட்டார் பலகைகளை மொத்தமாகத் தடை செய்திருந்தார்கள். மின்மோட்டார் வந்து சத்தமும் புகையும் போன பிறகும் தடை மட்டும் தங்கிவிட்டது. 2016 ஜனவரி 1இல்தான் நீங்கியது. பலகை 60 அங்குல நீளத்துக்கும் 18 அங்குல அகலத்துக்கும் மிகக் கூடாது. மோட்டார் 1,000 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓடும் திறன் கூடாது. சாலையில் 15 மைலைத் தாண்டக் கூடாது. 16 வயது, ஹெல்மெட், இரவில் விளக்கு ஆகியவை கட்டாயம். 35 மைல் வேக வரம்புக்கு மேற்பட்ட சாலையில், சைக்கிள் தடம் இல்லாவிட்டால் இறங்கக் கூடாது. இதற்கு மேலும் உள்ளூர் நகராட்சி தன் பங்குக்குக் கட்டுப்பாடு போடலாம். கலிபோர்னியாவில் அனுமதி என்று கேள்விப்பட்டு அமெரிக்கா முழுவதும் அப்படித்தான் என்று நினைப்பவர்களுக்கு மேலே சொன்ன நியூயார்க்கே பதில்.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதை. குயின்ஸ்லாந்து அனுமதிக்கிறது: நடைபாதையில் 12 கிலோமீட்டர், சைக்கிள் பாதையில் 25, அமைதியான உள்ளூர்த் தெருக்களும் சரி. தெற்கே எல்லை தாண்டி நியூ சவுத் வேல்ஸில் கால் வைத்தால் நெடுங்காலமாக எல்லாம் சட்டவிரோதம்.

ஆசியாவில் பொதுவாகக் கதவு சாத்தியிருக்கிறது. சிங்கப்பூர் முதலில் தாராளமாகத் திறந்து, பிறகு மூடியது. 2019 நவம்பர் 5இல் இ-ஸ்கூட்டரை நடைபாதையிலிருந்து விலக்கினார்கள்; 2020 ஏப்ரலில் மற்ற மோட்டார் வண்டிகளையும் பலகைகளையும் சேர்த்து விலக்கினார்கள். சாலையில் எப்போதுமே அனுமதியில்லை. ஆக சைக்கிள் பாதை மட்டும் மிச்சம். அப்போது அங்கே நடைபாதை சுமார் 5,500 கிலோமீட்டர், சைக்கிள் பாதை சுமார் 440 கிலோமீட்டர். தடை என்று சொல்லாமல் சொன்ன தடை அது. மீறினால் 2,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹாங்காங்கில் பதிவில்லாத மோட்டார் வாகனம் என்ற கணக்கில் வழக்கு வரும். ஜப்பான் 2023 ஜூலையில் இ-ஸ்கூட்டர் போன்ற வண்டிகளுக்கு உரிமமில்லாத புதிய வகுப்பைத் திறந்தது. ஆனால் பிரேக், விளக்கு, எண் பலகை என்று அது கேட்பவற்றைச் சாதாரணப் பலகையால் கொடுக்க முடியாது. பெய்ஜிங் 2016லேயே இத்தகைய வண்டிகளைச் சாலையிலிருந்து விலக்கிவிட்டது. உலகத்துக்கே பலகை செய்து அனுப்பும் நாட்டின் தலைநகரில் இந்த நிலை.

இந்தியாவைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. இங்கே பலகைக்கென்று விதி கிடையாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் மின்வண்டிகளுக்கு ஒரு விலக்கு உண்டு: மோட்டார் 30 நிமிடம் தொடர்ந்து தரும் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. இதைப் படித்துவிட்டு "என் பலகையும் அப்படித்தான்" என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் சரிபார்த்துச் சான்று தந்திருக்க வேண்டும் என்ற பகுதியை விட்டுவிடுகிறார்கள். இணையத்தில் வாங்கும் பலகைக்கு அந்தச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். தவிர, இரட்டை மோட்டார் பலகைகள் 250 வாட்டைப் பல மடங்கு தாண்டும். போலீஸ்காரர் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு, சட்டம் அனுமதிக்கிறது என்பது வேறு.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பொருள் விளக்கத்தில் முதலில் பாருங்கள்: தயாரிப்பாளர் குறிப்பிடும் உச்சவேகம் என்ன, மோட்டாரின் தொடர்ச்சியான திறன் என்ன, விளக்கு இருக்கிறதா. அனுமதிக்கும் நாடுகளின் விதிகள் பெரும்பாலும் இவற்றைச் சுற்றியே இருக்கின்றன. பிறகு உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் கேளுங்கள். வழிப்போக்கர் ஒருவரை இடித்துவிட்டால், சட்டவிரோதமாக ஓட்டிய வண்டி என்ற காரணத்தாலேயே பணம் தர மறுக்கலாம். அபராதம் ஒரு நாள் வலி. மருத்துவமனைச் செலவு அப்படியல்ல.

வெளிநாட்டுக்கு எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால் சாலை விதிக்கு முன்பே விமானம் தடுத்துவிடும். 100 வாட்-மணி (பேட்டரி கொள்ளும் மின்னாற்றலின் அளவு) வரையிலான லித்தியம் பேட்டரிக்குப் பொதுவாகப் பிரச்சினையில்லை. 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் பயணிகள் கொண்டுபோக முடியாது. நல்ல தூரம் ஓடும் பலகைகளில் பெரும்பாலானவை அந்த 160ஐத் தாண்டியவை. பல நிறுவனங்கள் பேட்டரி எவ்வளவு சிறியதானாலும் இவ்வகை வண்டிகளை ஏற்றுவதே இல்லை. டிக்கெட் எடுக்கும் முன் அந்த நிறுவனத்தின் சாமான் விதிகளைப் படித்துவிடுங்கள்.