மெயில் அட்டாச்மென்ட் வழியாக வைரஸ் வராமல் தடுக்க ஆன்டிவைரஸ் மட்டும் போதுமா?

பாரிமுனையில் சின்ன டிரேடிங் ஆபீஸ், மூன்று கம்ப்யூட்டர், கணக்கு எல்லாம் டேலியில், ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஆன்டிவைரஸ் இருக்கிறது, போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அட்டாச்மென்டில் வரும் வைரஸ் பெரும்பாலும் யாராவது டபுள் கிளிக் செய்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கிறது. புதிதாக வந்த வைரஸ் என்றால் ஆன்டிவைரஸுக்கு அன்றைக்கு அதை அடையாளம் தெரியாமலும் போகலாம். அதனால் கிளிக் செய்பவருக்கு ஃபைலின் உண்மையான வகை கண்ணில் பட வேண்டும்.

ஃபைல் பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பிறகு வந்து வகையைச் சொல்லும் எழுத்துகள்தான் எக்ஸ்டென்ஷன். விண்டோஸ் அதை வழக்கமாக மறைத்துவிடும். ‘பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்று வந்த ஃபைல் (இஎக்ஸ்இ என்றால் கிளிக் செய்ததும் ஓடும் புரோகிராம்) ‘பில்.பிடிஎஃப்’ என்றுதான் தெரியும். ஐகானையும் பிடிஎஃப் போலவே வைத்திருப்பார்கள். 2000 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் இப்படித்தான் ஏமாற்றியது: பார்வைக்கு டிஎக்ஸ்டி என்ற வெறும் எழுத்து ஃபைல், உண்மையில் விபிஎஸ் என்ற, கிளிக் செய்ததும் ஓடும் ஸ்கிரிப்ட். விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் டிக் செய்யுங்கள். கூடவே, செட்டிங்ஸில் டிஃபால்ட் ஆப்ஸ் போய் ஜேஎஸ், விபிஎஸ் என்ற இரண்டு ஸ்கிரிப்ட் வகைகளையும் நோட்பேடில் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். தவறிக் கிளிக் செய்தாலும் வெறும் எழுத்துகள்தான் திறக்கும், எதுவும் ஓடாது.

அடுத்து வேர்டு, எக்செல். நெட்டிலிருந்து இறங்கிய ஃபைலில் விண்டோஸ் ஓர் அடையாளம் வைக்கும். அதைப் பார்த்துத்தான், 2022-க்குப் பிறகு வந்த ஆபீஸ் அப்டேட்டுகளில், மேக்ரோவை (ஃபைலுக்குள் ஒளிந்திருந்து தானாக ஓடக்கூடிய சின்ன புரோகிராமை) தடுத்துச் சிவப்புப் பட்டை காட்டும். ஆனால் அந்த ஃபைலைப் பென்டிரைவில் போட்டுப் பக்கத்து மேசைக்குக் கொண்டுபோனால், பெரும்பாலான பென்டிரைவ்கள் அந்த அடையாளத்தைச் சேமிக்க முடியாத எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருப்பதால் அது அழிந்துவிடும், எச்சரிக்கையும் வராது. மெயிலில் வந்ததைப் பென்டிரைவில் சுற்றவிடவே கூடாது. ‘எனேபிள் கன்டென்ட் அழுத்தினால்தான் பில் தெரியும்’ என்று ஒரு ஃபைலே சொன்னால் அது வைரஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்டு போட்ட ஜிப் வந்து, அதே மெயிலில் பாஸ்வேர்டும் இருந்தால் திறக்காதீர்கள். மெயில் சர்வரின் ஸ்கேன் உள்ளே எட்டிப் பார்க்க முடியாதபடி செய்யும் ஏற்பாடு அது. ஜிஎஸ்டி நோட்டீஸ் என்று வந்தால் அட்டாச்மென்டைத் தொடாமல் போர்ட்டலில் லாகின் செய்து பாருங்கள். உண்மையான நோட்டீஸ் என்றால் அங்கேயே இருக்கும். தெரிந்த பார்ட்டியிடமிருந்து எதிர்பாராத பில் வந்தால், மெயிலில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்குப் போன் போடுங்கள்.

டேலி டேட்டா ஃபோல்டர்தான் உங்கள் உயிர்நாடி. ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தால் அதைத்தான் பூட்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸை ஆன் செய்து அந்த ஃபோல்டரைச் சேருங்கள். டேலி சேவ் ஆகவில்லை என்றால், அனுமதித்த ஆப்கள் பட்டியலில் டேலியையும் சேர்க்க வேண்டும். வேறு ஆன்டிவைரஸ் ஓடினால் விண்டோஸிலேயே இருக்கும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஒதுங்கிவிடும், இந்த வசதியும் வேலை செய்யாது. என்னைக் கேட்டால், விண்டோஸை ஒழுங்காக அப்டேட் செய்யும் சின்ன ஆபீஸுக்கு, மற்ற ஜாக்கிரதைகளோடு, ஆன்டிவைரஸாக டிஃபெண்டரே போதும். தினமும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேக்கப் எடுத்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே இருந்தால் பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்படும்.

யாராவது திறந்துவிட்டால் முதலில் நெட் கேபிளை உருவுங்கள், வைஃபையை அணையுங்கள். பிறகு டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.