சிறகு ஒட்டினால் போதுமா?

கேள்வி: ஐயா, நான் எழுதிவரும் தொடர்கதைக்காக 'ககனர்' என்ற பறக்கும் அறிவினத்தைப் படைத்திருக்கிறேன். கிருஷ்ணகிரி மலைக்கோட்டைதான் அவர்கள் தலைநகர். ஆறடி உயரம், 70 கிலோ எடை, இரண்டு கை, முதுகில் இரண்டு சிறகு. எலும்பு உள்ளீடற்றது, இதயம் இரண்டு. அரசன், படை, இரும்பு வாள் எல்லாம் உண்டு. இறந்தவர்கள் வானுலகம் போகிறார்கள். 'இதெல்லாம் பறக்கவே பறக்காது' என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். கற்பனைக் கதைக்கு உயிரியல் அவசியமா?
- ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: அவசியமில்லை. கருடன் எத்தனை கிலோ என்று யாரும் கேட்டதில்லை. மந்திரத்தால் பறக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நானும் பேசாமல் படித்திருப்பேன். உள்ளீடற்ற எலும்பு, இரண்டு இதயம் என்று கணக்கைத் திறந்தது நீங்கள். திறந்தபின் கூட்டல் தப்பினால் நண்பர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

இன்று பறக்கிற பறவைகளில் மிகக் கனமானவை கானமயில் (பஸ்டர்ட்) வகைகள். ஆப்பிரிக்காவின் கோரி கானமயில் 18 கிலோ வரை வரும். அதுவே ஓடி, தவித்துத்தான் மேலே எழும். உங்கள் 70 கிலோ முடியாததல்ல. அறுபது லட்சம் ஆண்டுகளுக்கும் முன் அர்ஜென்டினாவில் ஏறக்குறைய அந்த எடையில் அர்ஜென்டாவிஸ் என்ற பறவை இருந்தது. விரித்த சிறகு 6, 7 மீட்டர். உங்கள் கதாநாயகி அப்படிப்பட்ட சிறகோடு சமையலறைக்குள் 'துள்ளி ஓடினாள்' என்று மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது. எப்படி? உயரம் இரண்டு மடங்கானால் சிறகின் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும், எடையோ எட்டு மடங்கு. இந்தக் கணக்கை எந்த இதயமும் மாற்றாது, இரண்டு வைத்தாலும் சரி, நான்கு வைத்தாலும் சரி.

அப்புறம் கை. பறவைக்கும் வௌவாலுக்கும் கைதான் சிறகு. வௌவாலின் இறக்கையை விளக்கில் பிடித்தால் நீண்ட விரல் எலும்புகள் தெரியும். கட்டைவிரல் மட்டும் கொக்கிபோல் தனியே நிற்கும். முதுகில் தனியாகச் சிறகு வைத்தால் அதை அடிக்கும் தசை எங்கே ஒட்டும்? பறவைக்கு அந்தத் தசைக்காகவே மார்பெலும்பு கப்பலின் அடிக்கட்டைபோல் முன்னே புடைத்திருக்கிறது. கையைக் கொடுத்துவிட்டுச் சிறகை வாங்குங்கள். வேலை செய்ய அலகும் காலும் போதும். நியூ கலிடோனியா தீவுக் காகம் அலகாலேயே குச்சியைக் கொக்கியாக்கிப் புழுவை இழுக்கிறது.

அறிவுக்குப் பெரிய உடம்பு வேண்டும் என்ற பயத்தில்தான் ஆறடி வைத்தீர்கள் என்று நினைக்கிறேன். நம் மூளை உடல் எடையில் 2 சதவீதம். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதத்தை அதுவே தின்கிறது. பறவை அந்தச் செலவைச் சிக்கனமாக முடிக்கிறது. காகம், கிளி இனங்களின் மூளையில் நரம்பணுக்கள் மிக நெருக்கமாக அடைந்திருக்கின்றன என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. எனவே ககனரைத் தைரியமாக நான்கைந்து கிலோவுக்கு இறக்குங்கள். அறிவு குறையாது.

இனி உடம்பைவிட எனக்குப் பெரிய குறை, அவர்கள் வாழ்க்கை. அவர்கள் பறக்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியவில்லை! கோட்டைக்குப் படிக்கட்டு எதற்கு? வாசற்கதவு எதற்கு? கிருஷ்ணகிரிப் பாறையை எடுத்தீர்கள், அதன் வெயிலை விட்டுவிட்டீர்கள். காலையில் அந்த மொட்டைப் பாறைகளின் மேல் பருந்து சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சோம்பல் இல்லை. பாறை சூடேறி, காற்று மேலெழும்வரை காத்திருக்கிறது. எழுந்ததும் சிறகடிக்காமலே வட்டமிட்டு ஏறும். அப்படியானால் உங்கள் ககனருக்கு விடியற்காலை வேலைநேரமில்லை. பேச்சுக்கும் பஞ்சாயத்துக்கும் உரிய நேரம். கிழக்கு வெயில் விழும் பாறைதான் சொத்து. நிழற்பாறையைச் சீதனமாகக் கொடுத்தால் கல்யாணம் நின்றுபோகும்.

சிறகு உதிர்வதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! பெரும்பாலான பறவைகள் ஒவ்வொன்றாக உதிர்க்கும். வாத்து இனப் பறவைகள் பறக்கும் இறகுகளை மொத்தமாக உதிர்த்துவிட்டு, சில வாரம் பறக்க முடியாமல் கிடக்கும். ககனருக்கு இதைக் கொடுங்கள், கதை தானாக நடக்கும். அந்த மாதம் நமக்கு ஆடி மாதிரி: நல்ல காரியம் கிடையாது, கடன் கேட்கக்கூடாது, சண்டைக்குத் தடை. அந்தத் தடையை முதலில் மீறியவன் யார் என்பதுதான் அவர்கள் வரலாறாக இருக்கும். எல்லாரும் ஒன்றாக உதிர்ப்பதா, பாதிப் பேர் காவலுக்கு முன்கூட்டியே உதிர்ப்பதா? உங்கள் படைத்தலைவன் பதினைந்து அத்தியாயம் வியூகம் வகுக்கிறான். எதிரி நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

இரும்பு வாளை நான் முழுசாக மறுக்கவில்லை. உங்கள் வட்டாரம் இரும்புக்குப் பழைய இடம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். ஆனால் உலை, கரி, துருத்தி எல்லாம் கனம், நெருப்பு வேறு. இறகுள்ளவன் பக்கத்தில் போவானா? இனிமேல் பறக்க முடியாத கிழவர்களிடம் அந்தத் தொழிலைக் கொடுங்கள். தரையில் இருப்பவர்கள் கையில் ஆயுதம், வானில் இருப்பவர்கள் கையில் ஒன்றுமில்லை. அங்கே அரசியல் பிறக்கிறது.

சாவு விஷயம். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பாருங்கள். அடியில் வீரன் சண்டையிடுவான். சில கற்களில் மேலே தேவமகளிர் அவனை வானுலகுக்கு அழைத்துப் போவார்கள். அது தரையில் நடந்தவன் கண்ட கனவு. தினமும் வானத்தில் கூலி வேலை செய்பவனுக்கு வானம் எப்படி சொர்க்கமாகும்? அவன் சொர்க்கம் ஒருவேளை கீழே, அசையாத ஏதோ ஓரிடத்தில். உங்கள் குறிப்பில் எனக்கு மிகவும் உறுத்திய வரி இதுதான்.

அவர்கள் மாம்பழம் தின்கிறார்கள் என்பதை மட்டும் மாற்றாதீர்கள். பழந்தின்னி வௌவால் பழத்தை மென்று சாற்றை விழுங்கி, சக்கையைத் துப்பிவிடும். தோட்டக்காரருக்கு மிச்சம் அதுதான். காய் எப்போது பழுக்கும் என்று நாள் குறித்துக்கொண்டு வரும் அறிவாளிகள் ஒருபக்கம், வலை விரித்துப் பட்டாசோடு காத்திருக்கும் கிளிமூக்கு மாம்பழத் தோப்புக்காரர் மறுபக்கம். இதை நான்கு பக்கத்தில் முடித்துவிட்டீர்கள். நாற்பது பக்கம் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன். அரசன் சிம்மாசனத்தில் சாய்ந்து உட்காரும் காட்சிக்கு மட்டும் இடமில்லை. சாய்ந்தால் சிறகை எங்கே வைப்பான்?