புது மோட்டார்ஹோம் வீட்டுக்கு வந்தாச்சு: முதல் மாதக் கேள்விகளும் பதில்களும்

பிரிட்டனில் புதிதாக மோட்டார்ஹோம் எடுத்தவர்கள் கேட்டவை இவை. அநேகமாக எல்லாமே ஃபியட் டுகாட்டோ அடிச்சட்டத்தில் கட்டிய 3500 கிலோ டீசல் வண்டிகள், உள்ளே காற்றையும் தண்ணீரையும் சேர்த்தே சூடாக்கும் ட்ரூமா கோம்பி ஹீட்டர். பதிலும் அந்த வகைக்குத்தான். வேறு வண்டி என்றால் எண்களைக் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (லூயிஷம்): அண்ணா, போன கிழமைதான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தோம். இரவு தண்ணீர்த் தொட்டியை முட்ட நிரப்பிவிட்டுப் படுத்தோம். விடியப் பார்த்தால் தொட்டி காலி, வண்டிக்குக் கீழே ஒரே ஈரம். தொட்டியில் ஓட்டையோ?

பதில்: ஓட்டை இல்லை. குளிர் நாளில் வண்டி எடுப்பவர்களில் பாதிப் பேர் இதே கேள்வியோடு வருவார்கள். கோம்பி ஹீட்டருக்குள் 10 லிட்டர் வெந்நீர்க் கலன் இருக்கிறது. அதில் தண்ணீர் உறைந்தால் கலன் வெடித்துப்போகும். அதைத் தடுக்க ஃப்ராஸ்ட் கன்ட்ரோல் என்ற வால்வை வைத்திருக்கிறார்கள். அது இருக்கும் இடத்தில் வெப்பம் சுமார் 3 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தானாகத் திறந்து கலனைக் காலி செய்துவிடும். அந்த நேரம் நீங்கள் பம்பை அணைக்காமல் படுத்திருப்பீர்கள். குழாயில் அழுத்தம் விழுந்ததும் பம்ப் தன் வேலையைச் செய்து, பெரிய தொட்டியில் இருந்ததையும் வெளியே தள்ளியிருக்கும்.

இனி செய்ய வேண்டியது: பம்பை அணையுங்கள். காற்று ஹீட்டரை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். சுமார் 7 டிகிரிக்கு மேல் வந்தால்தான் வால்வு மூடி நிற்கும், அதற்கு முன் எவ்வளவு அமுக்கினாலும் மறுபடி துள்ளி வெளியே வரும். வால்வு ஹீட்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பெரும்பாலும் இருக்கைக்கு அடியில் அல்லது அலமாரியின் அடித்தட்டில். திருகியை மூடும் நிலைக்குத் திருப்பி, பொத்தானைச் சத்தம் கேட்கும்வரை உள்ளே அழுத்துங்கள். பிறகு தொட்டியை நிரப்பி, வெந்நீர்க் குழாய்களை எல்லாம் திறந்து வைத்துப் பம்பைப் போடுங்கள். முதலில் காற்று துப்பும். துப்பல் நின்று ஒரே சீராகத் தண்ணீர் வரும்போது ஒவ்வொன்றாக மூடுங்கள்.

பொத்தான் வெளியே வராமல் இருக்கத் துணி கிளிப் மாட்டச் சொல்லும் ஆலோசனை எல்லா இடத்திலும் உலவுகிறது. கேட்காதீர்கள். உறைந்து உடைந்த கலனுக்கு வாரண்டி கிடையாது.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): குழாய் எதுவும் திறக்காமலேயே பம்ப் இடையிடையே 'டுர்ர்' என்று ஒரு நொடி ஓடி நிற்கிறது. இரவில் தூக்கம் போகிறது.

பதில்: எங்கேயோ அழுத்தம் கசிகிறது. மேலே சொன்னபடி காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டுப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் பம்புக்குப் பக்கத்து இணைப்புகள், ஷவர் கலவைக் குழாய், டாய்லெட் ஃப்ளஷ் இணைப்பு, ஃப்ராஸ்ட் கன்ட்ரோலின் வெளியேற்றுக் குழாய் ஆகிய நான்கையும் காய்ந்த டிஷ்யூ தாளால் துடைத்துப் பாருங்கள். டீலர் யார்டிலிருந்து வீடு வரும் குலுக்கலிலேயே இணைப்பு தளர்ந்துவிடுவது சாதாரணம். ஈரம் தெரிந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு டீலருக்கு அனுப்புங்கள். தூங்கும்போது பம்பை அணைத்துவிடுங்கள், அது எப்போதுமே நல்ல பழக்கம்.

கேள்வி (ஹரோ): சுமக்கும் எடை 420 கிலோ என்று விளம்பரத்தில் இருந்தது. நாங்கள் நாலு பேர்தான், இரண்டும் சின்னப் பிள்ளைகள். கவலைப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். உச்ச எடை 3500, ஓடும் நிலை எடை 3080. அந்த 3080-இல் 75 கிலோ ஓட்டுநர், 90 சதவீதம் டீசல், ஒரு காஸ் சிலிண்டர், கொஞ்சம் தண்ணீர் சேர்ந்திருக்கும். அந்தக் 'கொஞ்சம்' பல தயாரிப்பாளர்களிடம் 20 லிட்டர் மட்டுமே, தொட்டியின் கொள்ளளவு 100 லிட்டராக இருந்தாலும்.

மிச்சம் 420. பக்கவாட்டுப் பந்தல் 30, சோலார் தகடு 12, சைக்கிள் தாங்கி 10, இரண்டாவது பேட்டரி 25 என டீலர் மாட்டிக் கொடுத்தவற்றைக் கழித்தால் 343. மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 145: மிச்சம் 198. துணிமணி 60, அரிசி பருப்பு பாத்திரம் 50, மடக்கு நாற்காலி மேசை 25, சைக்கிள் இரண்டு 30, மின் கேபிளும் சமன்படுத்தும் கட்டைகளும் 11. இப்போது கையில் இருப்பது 22 கிலோ. கிளம்பும்போது தொட்டியை முட்ட நிரப்பினால் இன்னும் 80 ஏறும். அதாவது வீட்டு வாசலிலேயே 58 கிலோ கூடுதல். வழிக்கு 20 லிட்டர் போதும், மீதியை முகாமில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை விற்பவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை. ஓடும் நிலை எடையில் 5 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்பட்டது. 3080-க்கு அது 154 கிலோ. விளம்பரத் தாளை நம்பாமல் குடும்பம், சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு பொது எடைமேடைக்குப் போங்கள். முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் என மூன்று எடையும் கேட்டு வாங்குங்கள். மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு மீறியிருக்கலாம். பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் சைக்கிள் தாங்கி, வண்டியின் அச்சு இடைவெளி 3.8 மீட்டர் என்று வைத்தால், தாங்கியும் சைக்கிளுமாக 40 கிலோ பின் அச்சில் 61 கிலோவாக விழும். முன் அச்சிலிருந்து 21 கிலோவைத் தூக்கிவிடும். டுகாட்டோ முன்சக்கர இழுவை வண்டி. ஈரப் புல்லில் முன்சக்கரம் வெறுமனே சுழல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி (அதே ஹரோ அன்பர்): அப்படியானால் 3850 கிலோவுக்கு உயர்த்திப் பதிவு செய்யலாமா?

பதில்: பல அடிச்சட்டங்களில் முடியும். ஆனால் முதலில் ஓட்டுநர் உரிமத்தைப் பாருங்கள். 1997 ஜனவரி 1 முதல் கார் தேர்வில் தேறியவர்களுக்கு டீசல் வண்டியில் உச்சம் 3500 தான். அதற்கு மேல் சி1 வகுப்புத் தனித் தேர்வு எழுத வேண்டும். இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்து இங்கே உரிமம் எடுத்த பெரும்பாலோர் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். கணவர் ஓட்டலாம், மனைவி ஓட்டக் கூடாது என்ற நிலை வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (லெஸ்டர்): சிலிண்டர் புதுசு, வால்வைத் திறந்தாச்சு. ஆனாலும் அடுப்பு பற்றவே இல்லை.

பதில்: சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் குழாயின் முனையில் பச்சைப் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். குழாய் அறுந்தால் காஸை நிறுத்தும் பாதுகாப்பு அது. சிலிண்டர் மாற்றிய ஒவ்வொரு முறையும், வால்வை மெதுவாகத் திறந்து, அந்தப் பொத்தானைச் சில நொடிகள் நன்றாக அழுத்த வேண்டும். வேகமாகத் திறந்தால் அதுவே மறுபடி பூட்டிக்கொள்ளும். காஸ் வந்ததும் முதலில் அடுப்பைப் பற்றவைத்துக் குழாயில் உள்ள காற்றைக் கழியுங்கள், அதன் பிறகு ஃப்ரிட்ஜ், ஹீட்டர்.

சிலிண்டர் மரை இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும், கட்டாயப்படுத்தாதீர்கள். கசிவு சோதிக்கச் சோப்பு நுரை. சிவப்பு ப்ரொபேன் சிலிண்டரையே வாங்குங்கள். நீலச் சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன் பூஜ்ஜிய டிகிரியை நெருங்கினாலே ஆவியாக மறுக்கும். கோம்பி 4 (ஹீட்டரின் 4 கிலோவாட் வகை) முழு வேகத்தில் மணிக்கு 320 கிராம் எரிக்கும், 6 கிலோ சிலிண்டர் அந்த வேகத்தில் 19 மணி நேரம்கூட வராது. குளிர்கால வார இறுதிக்கு ஒரே சிலிண்டரோடு போகாதீர்கள். காஸ் பெட்டியின் தரையில் தெரியும் ஓட்டையைக் குளிர் வருகிறது என்று அடைக்கவே கூடாது. கசிந்த காஸ் காற்றைவிடக் கனமானது, வெளியேற அதுதான் வழி.

கேள்வி (சட்டன்): ஃப்ரிட்ஜ் குளிரவே மாட்டேன் என்கிறது. வண்டியை நிறுத்தியதும் அணைந்தும் போகிறது.

பதில்: மூன்று வழி (காஸ், வீட்டு மின்சாரம், 12 வோல்ட்) ஃப்ரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது, சூட்டை வைத்துக் குளிர வைக்கும் முறை. ஆறேழு மணி நேரமாவது ஆகும். முந்தின நாளே வீட்டு மின்சாரத்தில் போட்டு, குளிர்ந்த சாமானை மட்டும் அடுக்குங்கள். சூடான சாம்பாரை உள்ளே வைத்துவிட்டு ஃப்ரிட்ஜைக் குறை சொல்லக் கூடாது. வண்டி சாய்ந்து நின்றாலும் வேலை செய்யாது. 12 வோல்ட்டில் இன்ஜின் ஓடும்போது மட்டுமே ஓடும். தானியங்கி வகையில் இன்ஜினை அணைத்ததும் சுமார் 15 நிமிடம் காஸுக்கு மாறாமல் காத்திருக்கும். டீசல் போட நின்ற இடத்தில் உள்ளே தீ எரியக் கூடாதே. பழுது இல்லை அது.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): ரைஸ் குக்கர் போட்டால் முகாமின் கரண்ட் போய்விடுகிறது. இன்வெர்ட்டரில் ஓட்டலாமா அக்கா சொல்கிற மாதிரி?

பதில்: குக்கர் மட்டும் காரணம் இல்லை. 700 வாட் குக்கர் 3 ஆம்பியர்தான். ஹீட்டரை மின்சாரத்தில் 1800 வாட்டில் வைத்திருப்பீர்கள், அது ஒன்றே 8 ஆம்பியரை நெருங்கும். முகாமில் மின்சாரம் தரும் 10 ஆம்பியர் கம்பத்தில் இரண்டையும் சேர்த்தால் போகத்தான் செய்யும். ஹீட்டரை 900-க்கு இறக்குங்கள், இல்லை சோறு ஆகும்வரை காஸுக்கு மாற்றுங்கள். பிரான்சில் 6 ஆம்பியர் கம்பங்கள் நிறைய. அங்கே மொத்தமே 1380 வாட். வீட்டுக் கெட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டு 1000 வாட்டுக்குக் குறைந்த ஒன்றை வாங்குங்கள். கேபிளை ரீலில் சுற்றியபடியே பயன்படுத்தினால் சூடேறி உருகும், முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள்.

இன்வெர்ட்டருக்கு என் பதில் வேண்டாம் என்பதே. 700 வாட் என்றால் 12 வோல்ட் பக்கம் 60 ஆம்பியருக்கு மேல். அரை மணி நேரத்தில் 30 ஆம்பியர்-மணி போய்விடும். 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (ஈய-அமில வகை) பேட்டரியில் கெடாமல் எடுக்கக்கூடியதே பாதிதான். அக்காவிடம் லித்தியம் பேட்டரி இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். காஸில் சின்னக் குக்கர் வைத்தால் பத்து நிமிட வேலை. மேல் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி (பெர்மிங்ஹாம்): மூன்று கிழமை வாசலில் நின்றது, இப்ப ஸ்டார்ட்டே ஆகவில்லை. உள்ளே விளக்கெல்லாம் எரிகிறது.

பதில்: உள்ளே எரிவது வாழும் பகுதியின் பேட்டரி. இன்ஜின் பேட்டரி வேறு. டுகாட்டோவில் அது ஓட்டுநர் அறையின் இடப்பக்கக் கால்தரைக்கு அடியில் மூடிக்குள் இருக்கும். அலாரமும் டிராக்கரும் சேர்ந்து 0.05 ஆம்பியர் குடித்தாலே மாதத்துக்கு 36 ஆம்பியர்-மணி. வண்டிக்கு மின்சாரம் கொடுத்து வைத்தால் போதும் என்று நினைப்போம், ஆனால் பல வண்டிகளில் சார்ஜர் உள் பேட்டரியை மட்டுமே நிரப்பும். சோதிப்பது எளிது: மின்சாரத்தைக் கொடுப்பதற்கு முன்னும் ஒரு மணி நேரம் கழித்தும் இன்ஜின் பேட்டரியில் மல்ட்டிமீட்டர் வையுங்கள். வோல்ட் ஏறாவிட்டால் அதற்குத் தனியாகச் சிறு பராமரிப்புச் சார்ஜர் வேண்டும்.

கேள்வி (லீட்ஸ்): டாய்லெட் கேசட் (கழிவுப் பெட்டி) வெளியே வர மறுக்கிறது.

பதில்: உள்ளே தகடு அரைகுறையாகத் திறந்திருக்கும். முழுவதும் மூடுங்கள், வரும். முதல் தடவை 2 லிட்டர் தண்ணீரோடு மருந்தை ஊற்றிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் மட்டும். நல்லெண்ணெய், வாசலின் எதுவும் தடவாதீர்கள், ரப்பர் ஊதிவிடும்.

கேள்வி (குரோய்டன்): பதினெட்டுச் சின்னக் குறைகள் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் வாங்கோ, எல்லாம் சேர்த்துச் செய்து தருவம் என்று டீலர் சொல்கிறார். பொறுக்கலாமா?

பதில்: பொறுக்கலாம், ஆனால் எழுத்தில் கொடுத்த பிறகு. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வண்டியில் உண்மையான குறை இருந்தால் கையில் வாங்கிய 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கலாம். அந்தக் கெடு தாண்டினால் முதலில் பழுது பார்க்க ஒரு வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். 'அடுத்த மாதம்' என்பது சரியாக அந்தக் கெடுவுக்கு அப்பால் விழுகிறது, கவனியுங்கள். இன்றே பதினெட்டையும் படங்களோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பழுது பார்க்க ஒப்புக்கொண்டால் அந்த நாட்களுக்கு 30 நாள் கணக்கு நிறுத்தி வைக்கப்படும், அதையும் தேதி போட்டுக் கேட்டு வாங்குங்கள்.

பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். தளர்ந்த திருகு, ஒட்டாத ஓரப்பட்டி, இறுகிய அலமாரிப் பூட்டு ஆகியவை ஒரு பக்கம். கூரை விளிம்பு, ஜன்னல் மூலை, பின் விளக்குகளைச் சுற்றி ஈரம் தெரிந்தால் அது தனிப் பட்டியல், காத்திருக்கவே கூடாது. ஈரமானி 15 சதவீதத்துக்குள் காட்டினால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள். ஆண்டுக்கொரு முறை வாழும் பகுதிச் சோதனையைக் குறித்த காலத்தில் செய்யாவிட்டால் நீர்க்கசிவு வாரண்டி போய்விடும்.

கேள்வி (ரெடிங்): ஜன்னல் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் பனி பிடித்திருக்கிறது. இதுவும் கசிவா?

பதில்: இல்லை. அது அக்ரிலிக், கண்ணாடி அல்ல. ஓரத்தில் சின்ன அடைப்பான்கள் இருக்கும். வெயில் நாளில் கழற்றி வைத்தால் ஓரிரு நாளில் காய்ந்துவிடும். வீட்டுக் கண்ணாடித் திரவத்தால் துடைக்காதீர்கள், மெல்லிய வெடிப்புகள் வரும். தண்ணீரும் பாத்திரச் சோப்பும் போதும். கடும் வெயிலில் திரையை முழுவதும் இழுத்து மூடினால் ஜன்னல் சூடேறி வளைந்துவிடும், கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

கேள்வி (ஸ்லவ்): டயரில் 5.5 பார். பாத்திரமெல்லாம் தடதடக்கிறது. குறைக்கலாமா?

பதில்: ஊகத்தில் குறைக்காதீர்கள். பக்கவாட்டில் 'சிபி' எழுத்துள்ள (மோட்டார்ஹோமுக்கென்றே செய்த) டயருக்குப் பின் அச்சில் 5.5 என்பது வேண்டுமென்றே வைத்த அளவு, எப்போதும் பாரத்தோடு நிற்கும் வண்டி இது. முன் அச்சில் குறைக்க இடம் இருக்கலாம். எடைமேடைச் சீட்டை டயர் தயாரிப்பாளருக்கு அனுப்பிக் கேளுங்கள், அச்சு எடைக்கு ஏற்ற அளவைச் சொல்வார்கள். தடதடப்பில் பெரும்பங்கு ஓவனின் கிரில் தட்டும் அடுப்பின் கண்ணாடி மூடியும்தான். நடுவில் ஒரு துவாலையைத் திணித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.